இரண்டரைக்கு மூன்று அடிக்கும்... மணிக்கொரு பாட்டுப் பாடும்! டச்சு தாத்தா கடிகாரத்தின் கதை

மதியம் இரண்டரை. ஹாலின் மூலையில் ஆளைவிட உயரமாக நிற்கும் கடிகாரம் ‘டிங்... டிங்... டிங்...’ என்று மூன்று முறை அடிக்கிறது. கடிகாரம் ரிப்பேர் என்று நினைப்பீர்கள். இல்லை, சரியாகத்தான் அடிக்கிறது.

அரை மணி நேரம் கழித்து மூன்று மணிக்கும் அதே மூன்று அடி. ஆனால், இந்த முறை சத்தம் கனமாக, ‘டொங்... டொங்... டொங்...’ என்று வருகிறது. அதையொட்டி ஒரு டஜன் குட்டி வெண்கல மணிகள் சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்கின்றன. டயலுக்கு மேலே இருக்கும் வளைவில் காற்றாலை சுற்றுகிறது, கப்பல்கள் ஆடுகின்றன, ஆற்றங்கரையில் ஒருவர் தூண்டிலைத் தூக்கித் தூக்கிப் போடுகிறார். ஒரு நிமிடம் இந்தக் கூத்து. பிறகு எல்லாம் அடங்கி, பழையபடி ‘டிக்... டிக்...’

‘பழசு பேசுது’ பகுதியில் இந்த வாரம் நாம் பார்க்கப்போவது இந்தப் பாடும் கடிகாரத்தைத்தான். 18-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் போன்ற ஊர்களில் செய்யப்பட்டது. எட்டு அடியில் இருந்து பத்து அடி வரை உயரம். வால்நட் மரத்தில் இழைத்த பெட்டி, உச்சியில் தங்க முலாம் பூசிய மூன்று சிலைகள். அதைப் பார்க்கும்போது ‘எவ்வளவு அழகு!’ என்பதோடு நின்றுவிடத் தோன்றும். ஆனால், அதன் உள்ளே ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன் கடிகாரத்தைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடலாம்.

இரண்டரைக்கு ஏன் மூன்று?

டச்சு மொழியில் இரண்டரை மணியை ‘ஹல்ஃப் ட்ரீ’ என்பார்கள். ‘பாதி மூன்று’ என்று அர்த்தம். நமக்கு இரண்டு முடிந்து அரை. அவர்களுக்கு மூன்றை நோக்கிப் பாதி தூரம். கடிகாரமும் வீட்டுக்காரர்களின் பேச்சு வழக்கிலேயே அடிக்கிறது. அரை மணிக்கு, வரப்போகும் மணியின் எண்ணிக்கையைச் சின்ன மணியில் மெல்லிய குரலில் அடிக்கும். முழு மணிக்கு, அதே எண்ணிக்கையைப் பெரிய மணியில் கனத்த குரலில் அடிக்கும். கடிகார உலகில் இதற்கு ‘டச்சு அடி’ என்றே பெயர்.

இதில் வசதியும் உண்டு. சாதாரண சுவர்க் கடிகாரம் அரை மணிக்கு ஒற்றை அடி அடிக்கும். நடுராத்திரி விழித்துக்கொண்டால் அந்த ஒற்றை அடி பன்னிரண்டரையா, ஒன்றா, ஒன்றரையா என்று குழம்புவோம். டச்சுக் கடிகாரத்தில் அந்தக் குழப்பம் இல்லை. மெல்லிய குரலில் ஒன்று என்றால் பன்னிரண்டரை. கனத்த குரலில் ஒன்று என்றால் ஒன்று. மெல்லிய குரலில் இரண்டு என்றால் ஒன்றரை. விளக்கு ஏற்றாமல், படுக்கையை விட்டு எழாமல் நேரம் தெரிந்துவிடும். மின்சாரம் இல்லாத காலத்தில் இது சின்ன விஷயமே இல்லை.

27 வயது இளைஞரின் ஊசல்

இந்தக் கதை தொடங்குவது 1656-இன் கடைசி வாரத்தில், நெதர்லாந்தின் ஹேக் நகரில். கிறிஸ்டியான் ஹைகன்ஸுக்கு அப்போது 27 வயது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சனிக் கோளின் டைட்டன் நிலவைக் கண்டுபிடித்திருந்தார். வானத்தைப் பார்ப்பவருக்குத் துல்லியமான நேரம் வேண்டும். அன்றைய கடிகாரங்களோ ஒரு நாளைக்குச் சுமார் 15 நிமிடம் முன்னே பின்னே ஓடின.

ஊசலின் ஆட்டம் சீரானது என்பதை இத்தாலியில் கலிலியோ முன்பே கவனித்திருந்தார். அந்த ஊசலைக் கடிகாரத்தின் பல்சக்கரங்களோடு இணைத்து ஓடவைத்தவர் ஹைகன்ஸ். பிழை நாளைக்குச் சுமார் 15 விநாடியாகக் குறைந்தது. நிமிடங்களில் இருந்த தவறு விநாடிகளுக்கு வந்துவிட்டது. 1657-இல் ஹேக் நகரின் கடிகாரக் கலைஞர் சாலமோன் கோஸ்டர், இந்த வகைக் கடிகாரம் செய்யும் உரிமையைப் பெற்றார். அந்த ஆண்டில் அவர் செய்த ஒரு கடிகாரம் இன்றும் லைடன் நகரின் பூர்ஹாவே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஹைகன்ஸைப் பற்றி இன்னொரு சுவாரஸ்யம். 1665-இல் உடம்பு முடியாமல் அறையில் படுத்திருந்தவர், ஒரே தாங்கியில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி ஆட்டிவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் இரண்டு ஊசல்களும் எதிரெதிராக, ஒரே தாளத்தில் ஆடத் தொடங்கின. தாங்கி வழியாகக் கடந்த மிக நுண்ணிய அதிர்வுதான் காரணம். இரண்டு பொருள்கள் தாமாகவே ஒத்திசைவதைப் பற்றிய ஆய்வுக்கெல்லாம் இதுதான் பிள்ளையார் சுழி.

கோஸ்டரிடம் வேலை கற்றவர்களில் லண்டனைச் சேர்ந்த ஜான் ஃப்ரோமன்டீலும் ஒருவர். 1658-லேயே அவர் குடும்பம் லண்டனில் ஊசல் கடிகாரம் விற்பதாக விளம்பரம் கொடுத்துவிட்டது. பிறகு 1670 வாக்கில் இங்கிலாந்தில் நங்கூர வடிவத்தில் ஒரு புதிய உறுப்பு வந்தது. அதனால் ஊசல் குறுகிய வீச்சில் ஆட முடிந்தது. குறுகிய வீச்சு என்பதால் ஊசலை நீளமாக வைக்க முடிந்தது. சுமார் ஒரு மீட்டர் நீள ஊசல், ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போக மிகச் சரியாக ஒரு விநாடி எடுக்கும். அந்த நீள ஊசலையும் எடைக் குண்டுகளையும் காற்றும் தூசியும் படாமல் மூடி வைக்க உயரமான மரப்பெட்டி தேவைப்பட்டது. தாத்தா கடிகாரம் பிறந்தது இப்படித்தான்.

டச்சுக்காரரின் யோசனை கடல் தாண்டி லண்டன் போய், உயரமான பெட்டியோடு ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பி வந்தது. ஃப்ரோமன்டீல் குடும்பத்தவர் உட்பட ஆங்கிலேயக் கலைஞர்கள் சிலர் ஆம்ஸ்டர்டாமிலேயே பட்டறை போட்டார்கள். அதன்பின் டச்சுக்காரர்கள் அந்தப் பெட்டியைத் தங்கள் ரசனைக்கு மாற்றினார்கள். அடிப்பாகம் பானை போல் உப்பியது. பாதங்கள், பந்தைப் பற்றிய பறவை நகம் போல் ஆயின. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்தார்கள்.

கோபுரத்தில் இருந்து வீட்டுக்கு

பாட்டு எங்கிருந்து வந்தது? தெருவில் இருந்துதான். நெதர்லாந்திலும் பக்கத்து பெல்ஜியத்திலும் தேவாலயக் கோபுரங்களில் மணி அடிப்பதற்கு முன், சின்ன மணிகளில் ஒரு சிறு இசை ஒலிக்கும். வேலையில் மூழ்கியிருப்பவர்கள் முதல் அடியைத் தவறவிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும் அல்லவா? ‘மணி அடிக்கப்போகிறது, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் முன்னறிவிப்பு அது. சில மணிகளோடு தொடங்கிய அந்த வழக்கம், டஜன் கணக்கான மணிகளில் முழுப் பாட்டே வாசிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

ஒரு குறை இருந்தது. மணிகளை வார்த்துவிடலாம், சுருதி சேர்ப்பது கடினம். இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவியவர் பிறவியிலேயே பார்வை இல்லாத யாக்கோப் வான் ஐக் என்ற இசைக் கலைஞர். உட்ரெக்ட் நகரின் மணிகளுக்குப் பொறுப்பாளராக இருந்தவர், புல்லாங்குழலிலும் வித்தகர். ஒரு மணி அடித்தால் ஒரே ஒரு ஸ்வரம் வருவதில்லை, பல ஸ்வரங்கள் ஒன்றாகக் கேட்கின்றன என்பதையும், மணியின் வடிவத்துக்கும் அந்த ஸ்வரங்களுக்கும் உள்ள தொடர்பையும் அவர் காதாலேயே கண்டுபிடித்தார். பிரான்சுவா, பீட்டர் என்ற ஹெமோனி சகோதரர்கள் அந்த அறிவைக் கைக்கொண்டு, மணியின் உட்புறத்தைக் கடைந்து கடைந்து சுருதி சேர்த்தார்கள். 1644-இல் சுட்ஃபன் நகரக் கோபுரத்துக்கு அவர்கள் செய்த மணிகள்தான் சரியாகச் சுருதி சேர்ந்த முதல் மணித்தொகுதி என்று போற்றப்படுகிறது.

ஆம்ஸ்டர்டாமின் மேற்குத் தேவாலயக் கோபுரத்திலும் ஹெமோனி மணிகள்தான். அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் 1942-இல் சிறுமி ஆன் ஃபிராங்க் குடும்பத்தோடு நாஜிக்களிடம் இருந்து ஒளிந்திருந்தாள். கால் மணிக்கொரு முறை ஒலிக்கும் அந்தச் சத்தம் மற்றவர்களுக்குப் பழகவில்லை என்றும், தனக்கு முதல் நாளில் இருந்தே பிடித்துவிட்டது, இரவில் அது ஆறுதலாக இருக்கிறது என்றும் தன் டைரியில் எழுதினாள். மணியோசை அந்த ஊர் மக்களுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

ஊருக்கே பாடும் கோபுரத்தைப் போல் ஒன்று தன் வீட்டுக்குள்ளும் பாட வேண்டும் என்று வசதி படைத்த வணிகர்கள் ஆசைப்பட்டார்கள். கடிகாரக் கலைஞர்கள் கோபுரத்தைச் சுருக்கி மரப்பெட்டிக்குள் வைத்துக்கொடுத்தார்கள்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கதவைத் திறந்தால் மூன்று எடைக் குண்டுகள் தொங்கும். ஒன்று நேரத்தை ஓட்ட, ஒன்று மணி அடிக்க, இன்னொன்று பாட்டுக்கு. பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை சாவி கொடுத்து மூன்றையும் மேலே ஏற்ற வேண்டும். பேட்டரி, மோட்டார் எதுவும் கிடையாது. புவியீர்ப்பு இழுக்க, குண்டு மெல்ல மெல்ல இறங்க, அந்த இறக்கமே வாரம் முழுக்க உழைக்கிறது.

பாட்டின் ரகசியம் ஓர் உருளை. அதன் மேல் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன ஆணிகள் அடித்திருப்பார்கள். உருளை சுற்றும்போது ஒவ்வோர் ஆணியும் ஒரு குட்டிச் சுத்தியலின் வாலைத் தூக்கிவிடும். ஆணி நகர்ந்ததும் சுத்தியல் விழுந்து மணியைத் தட்டும். உருளையின் நீளத்தில் ஆணி எங்கே இருக்கிறது என்பது எந்த மணி ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். சுற்றளவில் எங்கே இருக்கிறது என்பது எப்போது ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். ஸ்வரம், காலம் இரண்டையும் ஓர் ஆணியின் இடமே தீர்மானிக்கிறது. கம்ப்யூட்டருக்கு முந்தைய கம்ப்யூட்டர் புரோகிராம் என்றால் மிகையில்லை.

ஒரே மணியை வேகமாக இரண்டு முறை தட்ட வேண்டுமென்றால்? விழுந்த சுத்தியல் மறுபடி எழுந்து வர நேரம் போதாது. அதனால் அடிக்கடி தேவைப்படும் மணிக்கு இரண்டு சுத்தியல்கள் வைப்பார்கள். பாட்டு ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு குட்டி விசிறி உண்டு. அது காற்றைத் தள்ளிக்கொண்டு சுற்றுவதால் உருளை தறிகெட்டு ஓடாது.

ஒரே உருளையில் ஆறு பாட்டு, சிலவற்றில் பன்னிரண்டு பாட்டுகூட இருக்கும். ஒரு பாட்டின் ஆணிகளுக்குப் பக்கத்திலேயே, மயிரிழை இடைவெளியில் அடுத்த பாட்டின் ஆணிகள். டயலில் மினுவெட், மார்ச், கவோட் என்று பாட்டின் வகை எழுதியிருக்கும். முள்ளை அதன் மேல் திருப்பினால் உருளை மொத்தமும் கொஞ்சூண்டு பக்கவாட்டில் நகரும். இப்போது வேறு ஆணிகள் சுத்தியலுக்கு நேராக வரும், வேறு பாட்டு ஒலிக்கும். 18-ஆம் நூற்றாண்டின் ப்ளே லிஸ்ட்!

பொம்மைகள் ஆடுவதும் இதே சக்கரங்களின் உபயத்தில்தான். பாட்டுக்கான சக்கரங்கள் சுற்றும்போது, அவற்றோடு இணைந்த கம்பிகளும் நெம்புகோல்களும் காற்றாலையைச் சுற்றவைக்கும், மீனவரின் கையைத் தூக்கும், பாலத்தை ஏற்றி இறக்கும். கப்பல் மட்டும் சில கடிகாரங்களில் ஊசலோடு நேராக இணைந்திருக்கும். நம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி அது ராப்பகலாக, விநாடிக்கு ஒரு முறை ஆடிக்கொண்டே இருக்கும்.

நேரம் மட்டுமா காட்டும்?

டயலை இன்னும் உற்றுப் பாருங்கள். தேதி, கிழமை, மாதம், நிலவின் வளர்பிறை தேய்பிறை என எல்லாம் இருக்கும். தேதிக்கான வட்டத்தில் 31 நாள் மட்டுமே உண்டு. அதனால் வருஷத்துக்கு ஐந்து முறை வீட்டுக்காரர் கையால் தேதியைத் திருத்த வேண்டும். 30 நாள் மாதங்கள் நான்கு, கூடவே பிப்ரவரி.

நிலவுத் தட்டு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒரு நிலவுச் சுற்றுக்குச் சுமார் 29 1/2 நாள். அரைப் பல் கொண்ட சக்கரம் செய்ய முடியாதே! அதனால் ஒரே தட்டில் இரண்டு நிலவுகளை வரைந்தார்கள். இரண்டு சுற்றுக்கு 59 நாள். நாளுக்கு இரண்டு பல் வீதம் நகர்ந்தால் 118 பல் போதும், கணக்கு நேராகிவிடும்.

நிலவு எதற்கு? தெருவிளக்கு அரிதான காலத்தில் இரவுப் பயணத்தை முடிவு செய்ய. கூடவே, கடலோடிகளின் நாட்டில் நிலவு என்றால் அலையேற்றம். துறைமுகத்தில் தண்ணீர் எப்போது உயரும் என்பதைக் காட்டும் கடிகாரங்களும் உண்டு. கப்பலில் சரக்கை வைத்திருப்பவருக்கு அதுதான் முக்கியமான நேரம்.

அந்தக் கப்பல் எங்கே போனது?

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். டயலின் மேல் அழகாக ஆடுகிறதே ஒரு கப்பல், அது நிஜத்தில் எங்கே போய் வந்தது?

அது நம் கரைக்கும் வந்தது. 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613-இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடம் இருந்து பிடித்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவது அவர்கள் வியாபாரத்தின் அச்சாணி. நாம் பேச்சுவழக்கில் காசைத் ‘துட்டு’ என்கிறோமே, அது ‘டௌட்’ என்ற டச்சு நாணயத்தின் பெயரில் இருந்து வந்த சொல்தான்.

துணி மட்டும் போகவில்லை. பஞ்சம் வந்த காலங்களில் இந்தக் கரையில் இருந்து மனிதர்களும் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவுக்கும் மற்ற இடங்களுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். டயலில் வரைந்த கப்பலில் அவர்கள் தெரிவதில்லை. பாய் விரித்த கப்பல், நீலக் கடல், வெள்ளை மேகம் என்று படம் சுத்தமாக இருக்கிறது.

பெட்டியின் உச்சியில் இருக்கும் மூன்று சிலைகளில் நடுவில் நிற்பவர், கிரேக்கப் புராணத்தில் வானத்தைச் சுமக்கும் அட்லஸ். இருபுறமும் எக்காளம் ஊதும் தேவதைகள். ஆம்ஸ்டர்டாம் நகர மன்றமாகக் கட்டப்பட்டு, இப்போது அரண்மனையாக இருக்கும் மாளிகையின் உச்சியிலும் அதே அட்லஸ் நிற்கிறார். ‘உலகமே எங்கள் தோளில்’ என்ற அந்தக் காலத்துப் பெருமிதம். அந்தப் பாரத்தை நிஜமாகச் சுமந்தவர்களில் நம் நெசவாளர்களும் உண்டு. கடிகாரத்தின் அழகை ரசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொண்டால் படம் முழுமையாகும்.

பணக்காரர்களுக்கு மட்டும்தான் கடிகாரமா என்று கேட்கலாம். நாட்டின் வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், யவுரே போன்ற ஊர்களில், சுவரில் மாட்டும் கடிகாரங்களைச் செய்தார்கள். டயலில் கையால் வரைந்த ஓவியம், ஓரங்களில் ஈயத்தில் வார்த்த கடற்கன்னிகள். அவற்றிலும் சிலவற்றின் வளைவில் ஆடும் பொம்மைகள் உண்டு. பாட்டு இல்லாவிட்டாலும், கிராமத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் டிவி.

ரெக்கார்டுக்கு முந்தைய ரெக்கார்டு

இப்போது முதலில் சொன்ன அந்தக் கேள்விக்கு வருவோம்.

எடிசன் குரலைப் பதிவுசெய்தது 1877-இல். அதற்கு முன் வாழ்ந்தவர்களின் இசை நமக்குத் தாளில் எழுதிய குறிப்பாக மட்டுமே கிடைக்கிறது. ஆனால், தாளில் எல்லாம் வந்துவிடுமா? நம் சங்கீதத்தில் ஸ்வரத்தை எழுதிக் கொடுத்துவிடலாம், கமகத்தை எப்படி எழுதுவது? குருவிடம் கேட்டுத்தானே கற்றுக்கொள்கிறோம். ஐரோப்பிய இசைக்கும் அதே கதைதான். எந்த இடத்தில் ஸ்வரத்தை அசைக்க வேண்டும், எங்கே அலங்காரம் சேர்க்க வேண்டும், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் வாசிப்பவரின் பழக்கத்தில் இருந்தது. அவர்களோடு போய்விட்டது.

உருளையில் அடித்த ஆணிகளில் மட்டும் அது போகவில்லை. அலங்காரத்தின் ஒவ்வொரு சிறு தட்டலுக்கும் கலைஞர் ஓர் ஆணி அடித்தாக வேண்டும். ஊகத்துக்கு இடமில்லை. அதனால் அந்த உருளை, அன்றைய காதுக்குப் பிடித்த இசை எப்படி ஒலித்தது என்பதன் சாட்சி. கோபுரத்து உருளையில் ஆணியைக் கழற்றிப் பாட்டை மாற்றிவிடலாம். வீட்டுக் கடிகாரத்தில் ஆணிகள் நிரந்தரம். பாட்டு அப்படியே உறைந்து நிற்கிறது.

பெரிய மேதைகளும் கடிகாரத்துக்காக எழுதியிருக்கிறார்கள். லண்டனில் சார்லஸ் க்ளே என்ற கலைஞரின் கடிகாரங்களுக்கு ஹேண்டல் இசை கொடுத்தார். ஹங்கேரியின் எஸ்டர்ஹாசி அரண்மனையில் ஹைடன், குழல் வைத்த கடிகாரங்களுக்கென்றே சிறு சிறு இசைத்துண்டுகள் எழுதினார். அவற்றை உருளையில் பதித்தவர் அந்த அரண்மனையின் நூலகராக இருந்த நீமெட்ஸ் என்ற துறவி. ஹைடன் காலத்திலேயே பதித்த அந்த உருளைகள், அவர் இசையை எப்படி வாசிக்க வேண்டும் என்று ஆராய்பவர்களுக்கு இன்று பெரிய பொக்கிஷம். மொசார்ட்டும் எழுதினார், ஆனால் பணத்துக்காக. சின்னக் குழல்கள் கீச்சுக் கீச்சென்று சிறுபிள்ளைத்தனமாக ஒலிக்கின்றன, சலிப்பாக இருக்கிறது என்று 1790-இல் மனைவிக்குக் கடிதத்தில் புலம்பினார். அந்தச் சலிப்பில் பிறந்தவற்றை இன்று உலகமே வாசிக்கிறது.

பாட விடலாமா, நிறுத்தி வைக்கலாமா?

சிக்கல் இதுதான். கடிகாரம் ஒவ்வொரு முறை பாடும்போதும் ஆணி கொஞ்சம் தேய்கிறது. சுத்தியலின் வால் கொஞ்சம் தேய்கிறது. ஒரு முறைக்குத் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 24 முறை, வருஷத்துக்கு 8,760 முறை. 250 வருஷத்தில் 20 லட்சம் முறையைத் தாண்டும். வளைந்த ஆணியைப் பழுதுபார்ப்பவர் நிமிர்த்தினால், தட்டும் நேரம் இம்மியளவு மாறலாம். புது ஆணி அடித்தால் அது பழைய இடத்தில்தான் இருக்கிறதா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ரிப்பேர் என்ற பெயரில், பாட்டே மெல்ல மெல்லத் திருத்தி எழுதப்பட்டுவிடும்.

அதற்காக நிறுத்திவைத்தால்? எண்ணெய் உறையும், தூசி படியும். அதைவிட மோசம், மக்கள் அதைச் சும்மா அலமாரியைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போவார்கள். பாடாத பாட்டுக் கடிகாரத்தின் மேல் யாருக்குப் பாசம் வரும்? பாசம் இல்லாத பொருளை யார் பராமரிப்பார்கள்?

உட்ரெக்ட் நகரில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் ‘ஸ்பேல்க்ளாக்’ என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. தானாக இசைக்கும் கருவிகளுக்கென்றே உள்ள இடம். இசைக் கடிகாரத்தில் இருந்து தெருவில் தள்ளிக்கொண்டு போகும் பிரமாண்ட ஆர்கன் வரை எல்லாம் உண்டு. அங்கே கருவிகளைப் பார்வையாளர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். பழுதுபார்க்க அவர்களுக்கென்றே சொந்தப் பட்டறையும் இருக்கிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும் இடம்.

என் ஓட்டு எந்தப் பக்கம் என்று கேட்டால்... பாட வேண்டும், ஆனால் அளவோடு. மணிக்கொரு முறை வேண்டாம், நாளுக்கு ஒரு முறை போதும். முதலில் உருளையின் ஒவ்வோர் ஆணியையும் அளந்து, படம் எடுத்து, ஒலியையும் பதிவுசெய்துவிட வேண்டும். பழுதுபார்ப்பவர் எதைத் தொட்டாலும் எழுதி வைக்க வேண்டும். அசல் எது, நாம் சேர்த்தது எது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டும். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன். ஒரு ஃபைலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற விவரம் இல்லாவிட்டால், எது உண்மை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. 250 வயது உருளைக்கும் அதே விதிதான்.

அருங்காட்சியகத்துக்கு வெளியே, வீடுகளில் இருக்கும் கடிகாரங்களின் நிலைமைதான் இன்னும் கவலை. உயரம் குறைந்த நவீன ஃபிளாட்டுக்குள் பத்தடிப் பெட்டி நுழையாது. முன்பே பல கடிகாரங்களின் உச்சிச் சிலைகளைக் கழற்றிவிட்டார்கள், பாதங்களை அறுத்துவிட்டார்கள். ஒரு கடிகாரத்தின் பெட்டியில் இன்னொன்றின் இயந்திரத்தை வைத்து விற்பதும் பழங்கால வியாபாரத்தில் நடக்கிற சங்கதி.

பழைய கடிகாரம் உங்கள் கையில் கிடைத்தால்...

எப்போதாவது இப்படி ஒரு கடிகாரத்தை நேரில் பார்க்க நேர்ந்தாலோ, உங்கள் வீட்டிலேயே தாத்தா காலத்து மணி அடிக்கும் கடிகாரம் இருந்தாலோ, இதெல்லாம் கைகொடுக்கும்.

* முள்ளைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள். மணி அடிக்கும் உறுப்புகள் வளையவோ உடையவோ வாய்ப்பு உண்டு. நேரம் அதிகம் காட்டினால் ஊசலை நிறுத்தி வைத்து, நேரம் வந்து சேர்ந்ததும் ஆட்டிவிடுங்கள்.

* பாட்டு ஓடும்போது பாட்டை மாற்றும் முள்ளைத் தொடவே கூடாது. உருளை பக்கவாட்டில் நகர்ந்து, ஆணிகளும் சுத்தியல்களும் மோதி வளைந்துவிடும்.

* இடம் மாற்றும்போது ஊசலையும் எடைக் குண்டுகளையும் முதலில் கழற்றிவிடுங்கள்.

* நேரம் ஓடினால் ஊசல் குண்டின் அடியில் உள்ள திருகைத் திருப்பிக் குண்டை இறக்குங்கள், பிந்தினால் ஏற்றுங்கள். மீட்டர் நீள ஊசலில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம், நாளுக்குச் சுமார் 43 விநாடி வித்தியாசம் காட்டும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள்.

* வெயில் காலத்தில் கடிகாரம் மெதுவாக ஓடினால் பயப்படாதீர்கள். சூட்டில் ஊசலின் கம்பி நீள்கிறது. இரும்புக் கம்பி என்றால், 10 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கு நாளுக்குச் சுமார் 5 விநாடி பிந்தும்.

* டயலைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். மேல்பூச்சும் எழுத்தும் போய்விடும். சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று கிடைத்ததை ஊற்றாதீர்கள். கடிகாரத்துக்கென்று உள்ள எண்ணெயை, தெரிந்தவர்தான் துளித் துளியாக விட வேண்டும்.

* வாங்குவதாக இருந்தால், இயந்திரம் உட்கார்ந்திருக்கும் பலகையைப் பாருங்கள். தேவையில்லாத பழைய ஓட்டைகள் இருந்தால், பெட்டி ஒரு வீட்டுப் பிள்ளை, இயந்திரம் இன்னொரு வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

இன்னொன்று. இப்படி ஒரு கடிகாரம் பாடும்போது போனைக் கீழே வைத்துவிட்டு ஒரு முறையாவது முழுதாகக் கேளுங்கள். அந்தப் பாட்டுக்குப் பெட்டிக்குள் ஓர் எடைக் குண்டு இம்மி இம்மியாக இறங்கிக்கொண்டிருக்கும். வாரக் கடைசியில் யாராவது ஒருவர் சாவியை எடுத்து வந்து அதை மறுபடி மேலே ஏற்ற வேண்டும். 250 வருஷமாக அப்படி யாரோ ஒருவர் ஏற்றிக்கொண்டே வந்ததால்தான் அந்த மீனவர் இன்னும் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை என்பது வேறு விஷயம்!